கணினிக் கோப்புகளும் பேக்கப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோப்பை இன்னோர் இடத்தில் காப்பி செய்து வைத்திருக்கிறேன். அது பேக்கப் ஆகாதா?

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதே ஃபோல்டரில் ‘கணக்கு - காப்பி’ என்று ஒன்று இருந்தால், டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். டி டிரைவில் வைத்தாலும் அதே கதைதான். சி, டி என்று திரையில் இரண்டாகத் தெரிந்தாலும் பெரும்பாலான கணினிகளில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்தால் டி டிரைவ் தப்பும். டிஸ்கே செத்தால் தப்பாது.

யார் எந்த முறையைச் சொன்னாலும் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: மூலக் கோப்புக்கு வரும் கேடு இந்த நகலுக்கும் வருமா? கேடு பலவகை. டிஸ்க் சாவது, கைதவறி அழிப்பது, நல்ல கோப்பின் மேல் தவறான கோப்பைச் சேமிப்பது, ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் தீய நிரல்), திருட்டு, தீ, வெள்ளம், ஆன்லைன் கணக்கு முடங்குவது, கோப்பு சத்தமில்லாமல் உள்ளுக்குள் கெட்டுப்போவது. ஒரே நகல் இத்தனையையும் தாங்காது. ஒவ்வொரு நகலும் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் இருக்கும்போது தனியாக பேக்கப் எதற்கு?

இவை செய்வது சிங்க். கணினியில் ஒரு கோப்பை அழித்தால் சில நொடிகளில் கிளவுடிலும் அழியும், உங்கள் இன்னொரு லேப்டாப்பிலும் அழியும். ரான்சம்வேர் கோப்பைப் பூட்டினால் பூட்டிய கோப்பு மேலே ஏறும். டிஸ்க் சாவதையும் திருட்டையும் சிங்க் நன்றாகத் தாங்கும். கைதவறினால் ஓரளவுக்குத்தான்.

அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் டிரைவின் டிராஷில் கோப்பு 30 நாள் இருக்கும். ஒன்டிரைவ் தனிநபர் கணக்கின் ரீசைக்கிள் பின்னிலும் 30 நாள்தான். மார்ச்சில் அழிந்ததை ஜூனில் தேடினால் கிடைக்காது. வருடம் ஒருமுறை மட்டும் திறக்கும் கோப்புகள்தான் இப்படித் தொலைகின்றன: வரிக் கணக்கு, பழைய புகைப்படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த ஒன்டிரைவும் ஐகிளவுடும் கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு, உள்ளடக்கத்தைக் கிளவுடிலேயே வைத்திருக்கும். ஒன்டிரைவில் கோப்புக்கு அருகே மேகக் குறி தெரிந்தால் அது உங்கள் டிஸ்கில் இல்லை என்று பொருள். டிஸ்கில் இல்லாததை விண்டோஸின் பேக்கப் கருவியான ஃபைல் ஹிஸ்டரியோ மேக்கின் டைம் மெஷினோ எடுக்காது. முக்கியமான ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு’ என்ற பொருளில் இருக்கும் தேர்வை அழுத்திவிடுங்கள். மேக்கில் ஐகிளவுட் செட்டிங்ஸில் ‘ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்’ என்பதை அணைத்துவிடுங்கள்.

கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் தொடாமலே விட்டால் அதையும் அதிலுள்ள தரவையும் நிறுவனம் நீக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள விதி. இறந்துபோன பெற்றோரின் கணக்கில் குடும்பப் படங்கள் கிடந்தால் அவற்றை இப்போதே கீழே இறக்கி வையுங்கள்.

எத்தனை நகல் வேண்டும்?

3-2-1 என்ற கணக்கு பரவலாக ஏற்கப்பட்டது. அதைப் பிரபலமாக்கியவர் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக். மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வேறுவகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறோர் இடத்தில். வீட்டுக் கணினிக்கு இது கணினி, ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், வீட்டுக்கு வெளியே இன்னொன்று என்று முடிந்துவிடும். வெளியே இருப்பது கிளவுட் பேக்கப்பாக இருக்கலாம். உறவினர் வீட்டில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றி எடுத்துவரும் இரண்டாவது டிஸ்காகவும் இருக்கலாம்.

‘வேறோர் இடம்’ என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து சாம்பலானது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். லேப்டாப் பையிலேயே பேக்கப் டிஸ்கையும் போட்டுக்கொண்டு பயணம் செய்வதும் அதே தவறுதான், அளவில் சிறியது.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்?

திரும்ப உருவாக்க முடியாததை முதலில் எடுங்கள். புகைப்படம், வீடியோ, நீங்கள் எழுதியது, கணக்கு, ஸ்கேன்கள். மென்பொருளைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். அதன் லைசென்ஸ் கீயை மட்டும் குறித்து வையுங்கள்.

மறந்துபோகும் இடங்கள் சில உண்டு. டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் முதலில்: பலருக்கு வேலையே அங்கேதான் நடக்கிறது. அடுத்து மின்னஞ்சல். அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு அஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்பும், தண்டர்பேர்டு பயன்படுத்துபவர்களுக்கு புரொஃபைல் ஃபோல்டரும் வேண்டும். அவுட்லுக் திறந்திருக்கும்போது பிஎஸ்டி பூட்டப்பட்டிருக்கும், சாதாரண காப்பியில் பிழை வரும், மூடிவிட்டு எடுங்கள். கணக்கு மென்பொருள்கள் தங்கள் தரவை டாக்குமெண்ட்ஸில் வைக்காமல் சி டிரைவில் தனி ஃபோல்டரில் வைப்பது வழக்கம். எங்கே வைக்கிறது என்று அதன் செட்டிங்ஸில் பார்த்து அந்த ஃபோல்டரையும் சேருங்கள். பிரவுசர் புக்மார்க்கையும் பாஸ்வேர்டு மேனேஜரின் கோப்பையும் விட்டுவிடாதீர்கள்.

பாமினி, டாம், டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சிய தமிழ் ஆவணங்கள் இருந்தால் அந்த ஃபான்ட் கோப்புகளையும் கூடவே எடுத்து வையுங்கள். ஃபான்ட் இல்லாத கணினியில் அந்த ஆவணம் வெறும் குப்பை எழுத்தாகத்தான் திறக்கும். நேரம் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றி ஒரு பிரதி, ஃபான்ட் உட்பொதித்த பிடிஎஃப் ஒரு பிரதி என வைப்பது இன்னும் நல்லது. மாற்றிய பின்னும் மூலத்தை அழிக்காதீர்கள். மாற்றிகள் ஆங்காங்கே எழுத்தைத் தின்றுவிடும்.

எந்த டிஸ்க் வாங்குவது? எவ்வளவு பெரியது?

எடுக்கவேண்டிய கோப்புகளின் மொத்த அளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு. 400 ஜிபி இருந்தால் 1 டிபி. பழைய பதிப்புகள் தங்க இடம் வேண்டுமல்லவா? 1 டிபி டிஸ்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

வகை என்று பார்த்தால், பேக்கப்புக்குச் சுழலும் ஹார்டு டிஸ்க் இன்றும் நல்ல தேர்வு. எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வேகமானது, கீழே விழுந்தால் தாங்கும். ஆனால் மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்க அது ஏற்றதல்ல. அதன் செல்களில் சேமித்த மின்னூட்டம் மெல்லக் கசியும். மெமரி சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை தனிநபர் எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தாங்குவதைத்தான். புதிய எஸ்எஸ்டி அதைவிட நீண்ட காலம் தாங்கும், வெப்பம் கூடினால் காலம் குறையும்.

பென் டிரைவை எடுத்துச்செல்லப் பயன்படுத்துங்கள், சேர்த்துவைக்க வேண்டாம். போலிகளும் அதில்தான் அதிகம். 512 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பது 32 ஜிபி. நிரம்பிய பிறகும் பிழை காட்டாமல் எழுதுவதுபோல் நடிக்கும், திறக்கும்போதுதான் கோப்பு காலி என்று தெரியும். புதிதாக வாங்கியதும் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய கருவிகளில் ஒன்றால் முழுக்க எழுதிப் படித்துச் சோதிக்கலாம்.

சாதாரண டிவிடி ஒன்றில் 4.7 ஜிபிதான் கொள்ளும். எழுதும் டிவிடியில் உள்ள சாயம் காலப்போக்கில் மங்கும், படிக்கும் டிரைவே புதிய லேப்டாப்புகளில் இல்லை. பழைய டிவிடிகள் இருந்தால் அவை படிக்கும் நிலையில் இருக்கும்போதே டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள்.

டிஸ்கை எந்த ஃபார்மேட்டில் வைப்பது?

விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். டைம் மெஷினுக்குக் கொடுக்கும் டிஸ்கை மேக் தானே ஏபிஎஃப்எஸ் ஆக மாற்றிக்கொள்ளும். அப்போது உள்ளே இருப்பது அழியும், எனவே காலி டிஸ்கைக் கொடுங்கள். இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்கும். கூடுதல் மென்பொருள் இல்லாமல் எழுதாது. ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. பெரிய வீடியோ மட்டும் காப்பி ஆக மறுக்கிறது, டிஸ்கிலோ இடம் இருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

விண்டோஸில் எப்படித் தொடங்குவது?

கூடுதலாக எதையும் நிறுவாமல் செய்ய ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது.

1. எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகுங்கள்.
2. கன்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம் அண்டு செக்யூரிட்டி’, அதற்குள் ‘ஃபைல் ஹிஸ்டரி’. டிஸ்க் தெரிந்ததும் ‘டர்ன் ஆன்’.
3. ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ திறந்தால் மணிக்கு ஒருமுறை என்றும், பதிப்புகள் நிரந்தரம் என்றும் இருக்கும். டிஸ்க் சிறியதென்றால் ‘இடம் தேவைப்படும்வரை’ என்று மாற்றுங்கள்.
4. ஒருநாள் கழித்து டிஸ்கில் ‘ஃபைல்ஹிஸ்டரி’ என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கோப்புகள் பெயரோடு தேதி ஒட்டி, சாதாரணக் கோப்பாகவே கிடக்கும்.

அந்த நான்காவது விஷயம் இதன் பெரிய பலம். மென்பொருளே இல்லாத வேறொரு கணினியிலும் கோப்பைத் திறக்கலாம்.

பலவீனமும் உண்டு. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற லைப்ரரி ஃபோல்டர்களை மட்டுமே அது எடுக்கும். டி டிரைவில் நீங்கள் உருவாக்கிய ஃபோல்டர் வேண்டுமென்றால் அதை ஏதாவது ஒரு லைப்ரரியில் சேர்க்க வேண்டும். ஏதாவது கோப்பு எடுபடவில்லை என்றால் பெரிய எச்சரிக்கை எதுவும் வராது. ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’ பக்கத்தின் அடியில் ஈவென்ட் லாக் இணைப்பு இருக்கிறது, மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.

விண்டோஸ் 11-இல் ‘விண்டோஸ் பேக்கப்’ என்றே ஒரு செயலி இருக்கிறது. அது கோப்புகளை அனுப்புவது ஒன்டிரைவுக்கு. இலவச இடம் 5 ஜிபி. பெயரைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

முழு டிஸ்கையும் விண்டோஸோடு சேர்த்து ஒரே இமேஜாக எடுக்க வீம் ஏஜென்ட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். இமேஜ் இருந்தால் புது டிஸ்க் போட்டு பழைய கணினியை அப்படியே எழுப்பலாம். தனிக் கோப்பை எடுக்க ஃபைல் பேக்கப் எளிது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கோப்புகளைத் தேர்ந்தெடுங்கள்.

ரோபோகாபி, ஃப்ரீஃபைல்சிங்க் ஆகிய காப்பி கருவிகளைப் பயன்படுத்துபவர்களுக்கு: ‘மிரர்’ என்ற முறை மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும். மூல ஃபோல்டர் காலியான நாளில் அதை ஓட்டினால் பேக்கப்பும் காலி. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஃப்ரீஃபைல்சிங்கில் அழிபடும் கோப்புகளை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்தும் ‘வெர்ஷனிங்’ தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேக்கில்?

டைம் மெஷின். 2007 முதல் மேக்கோடு வருகிறது, நன்றாக வேலை செய்கிறது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிவாரியாக, கடந்த ஒரு மாதத்துக்கு நாள்வாரியாக, அதற்கு முந்தையவை வாரவாரியாக வைத்திருக்கும். டிஸ்க் நிரம்பினால் மிகப் பழையதை நீக்கும். ‘என்க்ரிப்ட்’ (பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) தேர்வை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

லினக்ஸில்?

டைம்ஷிஃப்ட் ஓடுகிறது, எனவே பேக்கப் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சிஸ்டம் கோப்புகளுக்கானது. ஹோம் ஃபோல்டரை இயல்பாக விட்டுவிடும். உங்கள் கோப்புகளுக்கு டேஜா டப் எளிது. கட்டளை வரியில் பழகியவர்களுக்கு ரெஸ்டிக் அல்லது போர்க். இரண்டும் கோப்பைத் துண்டுகளாக்கி, மாறிய துண்டுகளை மட்டும் சேர்க்கும், எனவே நூறு பதிப்புகள் இருந்தாலும் இடம் குறைவாகவே பிடிக்கும். ரெஸ்டிக் எப்போதும் என்க்ரிப்ட் செய்தே எழுதும். பாஸ்வேர்டு தொலைந்தால் பேக்கப்பும் தொலைந்தது, பின்வாசல் கிடையாது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் மட்டும் காப்பி ஆகவில்லை. ஏன்?

பெரும்பாலும் பெயரின் நீளம். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட், தமிழுக்கு 3 பைட். அதிலும் புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் தனிக் குறியீடு, எனவே ‘க்’ என்பதற்கே 6 பைட் ஆகிறது. லினக்ஸிலும் பெரும்பாலான நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி) சாதனங்களிலும் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. அதாவது 85 குறியீடுகள். கண்ணால் எண்ணினால் சுமார் 50 எழுத்து. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டைக் கணக்கிடாமல் 255 குறியீடுகள்வரை விடும். கட்டுரைத் தலைப்பை முழுவதுமாகக் கோப்புக்குப் பெயராக வைத்தால் விண்டோஸில் சேமிக்கும், நாஸுக்குப் போகும்போது பிழை வரும். சில நாஸ்களில் என்க்ரிப்ட் செய்த ஷேர்டு ஃபோல்டருக்கு வரம்பு 143 பைட்தான். அதில் தமிழ்ப் பெயர் 47 குறியீட்டுக்குள் அடங்கியாக வேண்டும்.

விண்டோஸில் தனியாக இன்னொரு வரம்பு உண்டு: டிரைவ் எழுத்து தொடங்கி கோப்புப் பெயர்வரையிலான முழுப் பாதையும் 260 குறியீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பல மென்பொருள்கள் எதிர்பார்க்கின்றன. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போயிருந்தால் இதில் இடிக்கும்.

மூன்றாவது, பழைய மேக்கிலிருந்து வந்த கோப்புகள். ‘கொள்முதல்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஃபார்மேட்டான ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் இரண்டாகப் பிரித்து வைக்கும். லினக்ஸுக்கு வந்ததும் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதுபோல் தெரியும், காப்பி கருவியான ஆர்சிங்க் இரண்டையும் வேறு வேறாக நினைத்து மறுபடி காப்பி செய்யும். ஆர்சிங்கின் ‘ஐகான்வ்’ தேர்வு இதைச் சரிசெய்யும்.

பழைய ஜிப் மென்பொருளில் சுருக்கினால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். 7-ஜிப்பின் சொந்த ஃபார்மேட்டில் அந்தத் தொல்லை இல்லை.

முதல் பேக்கப் முடியவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

தவறு இல்லாமலும் இருக்கலாம். 500 ஜிபியை, நொடிக்கு 120 எம்பி எழுதும் ஹார்டு டிஸ்குக்கு யுஎஸ்பி 3 வழியாக அனுப்பினால் ஏறத்தாழ 70 நிமிடம். அதே டிஸ்கை யுஎஸ்பி 2 துளையில் செருகினால் நொடிக்கு 35 எம்பி அளவில்தான் போகும், நான்கு மணி நேரம் பிடிக்கும். துளையின் உள்ளே நீல நிறம் பெரும்பாலும் யுஎஸ்பி 3-ஐக் குறிக்கும்; பழைய கேபிள் இருந்தாலும் வேகம் விழும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் டிஸ்கின் தலை நகர வேண்டும்.

கையடக்க எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் பல எஸ்எம்ஆர் வகை. அவற்றில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒன்றை மாற்ற அடுத்தடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். முதலில் வேகமாகப் போய் பிறகு தவழ ஆரம்பித்தால் அதுதான் காரணம். பழுது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

கிளவுடுக்கு என்றால் அப்லோடு வேகத்தைப் பாருங்கள், டவுன்லோடு வேகத்தை அல்ல. 10 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 1.25 எம்பி. 200 ஜிபி ஏற இடைவிடாமல் 44 மணி நேரம் ஓட வேண்டும். முதல் தடவைதான் இப்படி. பிறகு மாறியது மட்டும் ஏறும்.

எவ்வளவு அடிக்கடி எடுக்க வேண்டும்?

எத்தனை நாள் வேலையைத் திரும்பச் செய்ய மனம் ஒப்பும்? அதுதான் உங்கள் இடைவெளி. ஆய்வேடு எழுதுபவருக்கு ஒரு நாளே அதிகம். புகைப்படம் மட்டும் வைத்திருப்பவருக்கு மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஒருமுறையும் போதும். விண்டோஸ் பெரிய அப்டேட்டுக்கு முன்னால் கட்டாயம். 2018 அக்டோபர் அப்டேட்டில் சிலரின் டாக்குமெண்ட்ஸ் கோப்புகள் அழிந்ததால் மைக்ரோசாஃப்ட் அதை வெளியிடுவதையே நிறுத்தி வைத்தது.

ரான்சம்வேர் வந்தால் பேக்கப் தப்புமா?

செருகியே இருக்கும் டிஸ்க் தப்பாது. கணினி எழுதக்கூடிய இடமெல்லாம் அந்த நிரலாலும் எழுதக்கூடிய இடம்தான்: எக்ஸ்டர்னல் டிஸ்க், நெட்வொர்க் டிரைவ், சிங்க் ஃபோல்டர் எல்லாம். விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் பழைய நிலை நகல்களான ஷேடோ காப்பிகளை முதலில் அழித்துவிட்டுத்தான் பல ரான்சம்வேர்கள் வேலையைத் தொடங்குகின்றன. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரையும் அவற்றை அழித்தது.

எனவே இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று செருகியிருக்கும்போது மற்றது கழற்றி வேறிடத்தில். கடைசியாக பேக்கப் எடுத்த தேதி டிஸ்கின் மேல் ஒட்டப்பட்டிருக்கட்டும். கணினியில் விசித்திரமான எக்ஸ்டென்ஷன் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) உள்ள கோப்புகளைக் கண்டால், ‘சீக்கிரம் பேக்கப் எடுத்துவிடலாம்’ என்று நல்ல டிஸ்கைக் கொண்டுபோய்ச் செருகாதீர்கள். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். ரீஸ்டோர் செய்வது விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகுதான்.

நாஸில் ரெய்டு போட்டிருக்கிறேன். அது போதுமா?

போதாது. ரெய்டு என்பது ஒரே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்குகளில் சேர்த்து எழுதும் முறை; அது ஒரு டிஸ்க் சாவதை மட்டும் தாங்கும், அதுவும் வேலை நிற்காமல் இருப்பதற்காக. அழித்தது இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். நாஸை ஒரு பேக்கப் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகள் அதில் மட்டும்தான் இருக்கின்றன என்றால் அதற்கே தனி பேக்கப் தேவை.

என்க்ரிப்ட் செய்ய வேண்டுமா?

வீட்டை விட்டு வெளியே போகும் நகலுக்குக் கட்டாயம். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர் டு கோ, மற்றபடி எந்த ஓஎஸ்ஸிலும் வெராகிரிப்ட்.

கதவைப் பூட்டிச் சாவியை உள்ளேயே விடுவது இங்கே சகஜம். பிட்லாக்கரின் ரெக்கவரி கீ 48 இலக்கம். அதை அதே கணினியில் சேமித்தால் பயனில்லை. அச்சிட்டு ஆவணங்களோடு வையுங்கள். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே உள் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகிவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாமல். மதர்போர்டு போய், டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் போடும்போது அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கீ இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளவுட் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால், போனும் கணினியும் ஒன்றாகத் தொலையும் நாளை நினைத்துப் பாருங்கள். கூகுள் பத்து பேக்கப் கோடுகளைத் தரும். அவையும் காகிதத்தில், கணினி இருக்கும் அறைக்கு வெளியே.

பேக்கப் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரீஸ்டோர் செய்து பார்த்தால்தான் தெரியும். பச்சை டிக் குறியை நம்பாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், பதிப்புப் பொருத்தமின்மையால் பேக்கப் நிரல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்நேரத்து நிலையின் நகல்) இருந்ததால் தப்பினார்கள். முழுநேர ஆட்கள் இருந்த இடத்திலேயே இந்த நிலைமை.

வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம்: நேற்றைய கோப்பு ஒன்று, பல ஆண்டு பழையது ஒன்று, பெரிய வீடியோ ஒன்று. மூன்றையும் வேறொரு காலி ஃபோல்டருக்கு ரீஸ்டோர் செய்யுங்கள். பழைய இடத்துக்கே ரீஸ்டோர் செய்தால் நல்லதன்மேல் கெட்டது ஏறும் ஆபத்து உண்டு. திறந்து பாருங்கள், வீடியோவை நடுவில் தள்ளி ஓட்டிப் பாருங்கள். பிறகு மூல ஃபோல்டர், நகல் ஃபோல்டர் இரண்டின் பிராபர்ட்டீஸையும் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ‘சைஸ்’ வரியைப் பாருங்கள்; ‘சைஸ் ஆன் டிஸ்க்’ இரண்டு டிஸ்கில் வேறுபடுவது இயல்பு. ஆண்டுக்கு ஒருமுறை, பேக்கப் மென்பொருளே இல்லாத வேறொரு கணினியில் இதைச் செய்து பார்த்தால் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

சத்தமில்லாமல் கெடும் கோப்புகளுக்கும் இதுவே வழி. என்டிஎஃப்எஸ், லினக்ஸின் இஎக்ஸ்டி4, ஏபிஎஃப்எஸ் ஆகிய மூன்று டிஸ்க் ஃபார்மேட்டுகளும் உங்கள் கோப்பின் உள்ளடக்கத்துக்கு செக்சம் (கெட்டதா என்று கண்டறிய உதவும் சரிபார்ப்பு எண்) வைப்பதில்லை. பாதிப் படம் சாம்பல் நிறமானாலும் அவற்றுக்குத் தெரியாது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஃபார்மேட்டுகள் கண்டுபிடிக்கும். கெட்ட கோப்பு பேக்கப்பிலும் ஏறியிருக்கும் என்பதால், ஓராண்டு பழைய பதிப்பு ஒன்றாவது எங்காவது இருக்க வேண்டும்.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்கிறது, பேக்கப் இல்லை. என்ன செய்வது?

மின்சாரத்தை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது தகட்டைச் சுரண்டும். ஃப்ரீசரில் வைக்கச் சொல்லும் பழைய யோசனை வேண்டாம், உள்ளே ஈரம் படியும். முக்கியமான தரவு என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் நேராகக் கொடுங்கள்.

சத்தம் இல்லை, மெதுவாகிவிட்டது, சில கோப்பு திறக்கவில்லை என்றால் டிஸ்கின் நிலையைக் காட்டும் கருவியான கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ‘ரீஅலோகேட்டட்’, ‘பெண்டிங்’ செக்டர் வரிகளைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறுகிறது. அப்போது விண்டோஸின் டிஸ்க் சரிசெய்யும் கருவியான செக்டிஸ்கை ஓட்டாதீர்கள். அது சாகும் டிஸ்கில் எழுதி நிலைமையை மோசமாக்கும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்கையும் வேறொன்றுக்கு எடுத்துவிட்டு, மீட்பு வேலைகளை அந்த நகலில் செய்யுங்கள்.

கைதவறி அழித்தது என்றால் அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். மீட்பு மென்பொருளைக்கூட அதில் நிறுவாதீர்கள். ஹார்டு டிஸ்க், மெமரி கார்டுகளில் ஃபோட்டோரெக் பலவற்றை மீட்கும், ஆனால் பெயர்கள் திரும்பா. எஸ்எஸ்டியில் டிரிம் கட்டளை அழித்த இடத்தைச் சீக்கிரமே காலி செய்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு.

பழைய பேக்கப் டிஸ்கை எப்போது மாற்றுவது, எப்படித் தூக்கிப்போடுவது?

ஐந்து ஆண்டு ஆனதும் புதியதற்கு மாறுவது நல்லது. கிளவுட் பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் வெளியிட்டுவரும் கணக்குகளில் அதன் டேட்டா சென்டர் டிஸ்குகள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு சாகின்றன. பையில் அலையும் டிஸ்குக்கு அந்தச் சொகுசு இல்லை. புதியதில் ரீஸ்டோர் சோதனை முடியும்வரை பழையதை அழிக்காதீர்கள். முடிந்ததும் ஹார்டு டிஸ்க் என்றால் ‘குயிக் ஃபார்மேட்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள், விண்டோஸ் அப்போது பூஜ்யங்களால் நிரப்பும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளரின் கருவியில் உள்ள ‘செக்யூர் இரேஸ்’. ஓடவே ஓடாத டிஸ்க் என்றால், முதலிலேயே என்க்ரிப்ட் செய்திருந்தால் கவலையில்லை. செய்யாதது என்றால் தகட்டில் துளையிட்ட பிறகு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.